வேடியப்பன் வைத்த டெபாசிட்

களமருதூரில் டெபாசிட் என்ற சொல்லைத் தெரியாதவர் கிடையாது. பாங்கியில் போடுகிற டெபாசிட்டைச் சொல்லவில்லை. அப்படி ஒன்று உண்டு என்பதே அந்த ஊரில் பாதிப் பேருக்கு எட்டாத சங்கதி. தேர்தலில் நின்றவனுக்குப் போகுமே, அந்த டெபாசிட். அடுப்பில் வைத்த பால் திரிந்தால் டெபாசிட் போச்சு என்பார்கள். அடைக்கு உட்கார்ந்த கோழியைக் கீரி தூக்கிக்கொண்டு போனால் டெபாசிட் காலி. பெண் பார்க்க வந்தவர்கள் கேசரியைத் தின்றுவிட்டு, ஊருக்குப் போய்ச் சொல்லி அனுப்புகிறோம் என்று பஸ் ஏறினால் கேசரி டெபாசிட். இத்தனைக்கும் வழி காட்டியவன் வேடியப்பன்.

வேடியப்பன் கரும்பு வெட்டும் ஆட்களின் கொத்துக்கு மேஸ்திரி. சொந்தமாக நிலம் ஒரு குழியும் கிடையாது. ஆலையிலிருந்து வெட்டு உத்தரவு வந்ததும், யாருடைய கொல்லையில் கரும்பு நிற்கிறதோ அங்கே தன் ஆட்களை லாரியில் ஏற்றிக்கொண்டு போவான். திருநாவலூர்ப் பக்கம் ஒரு வாரம், கல்வராயன் மலை அடிவாரத்தில் கச்சிராயபாளையத்துப் பக்கம் ஒரு மாதம் என்று போகும் பிழைப்பு. ஆள் ஒல்லி. மீசை மட்டும் கனம். இரண்டு முனையும் கன்னத்தைத் தாண்டி மேலே ஏறி நிற்கும். மேஸ்திரி காலையில் மீசையை நீவிக்கொண்டு வந்தால் அன்றைக்கு ஏச்சு இல்லை என்றும், கடித்துக்கொண்டு வந்தால் சோகை என்கிற காய்ந்த கரும்புத் தோகையை உரிக்கிற பெண்கள் வாயைத் திறக்கக் கூடாது என்றும் கொத்தில் எல்லோருக்கும் தெரியும்.

அவனுக்கு ஒரே ஒரு கெட்ட பழக்கம். குடியில்லை, சீட்டில்லை. பந்தயம் கட்டுவான். கையில் காசு தங்காதவன் எதை வைத்துப் பந்தயம் கட்டுவான்? மீசையை வைத்தான். திருக்கோவிலூர் பஸ் இன்றைக்கு நேரத்துக்கு வந்தால் மீசையை எடுத்துக்கொள்கிறேன் என்பான். பஸ் வராது. சித்திரையில் ஏரி நிரம்பினால் மீசையை எடுத்துக்கொள்கிறேன் என்பான். ஏரி நிரம்பாது. தோற்கவே வழியில்லாத பந்தயமாகப் பார்த்துக் கட்டிவிட்டு, பெரிய வீரனைப் போல டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து முனையை முறுக்குவான். டீக்கடைக் கண்ணாயிரத்துக்கு அதைப் பார்க்கப் பார்க்க வயிறு எரியும்.

கண்ணாயிரம்தான் ஒரு நாள் கேட்டான், அபராதம், ஜப்தி, டெபாசிட் எல்லாம் ஒன்றுதானே, கடைசியில் நம் பொருள் போகிறது, அவ்வளவுதானே என்று. வேடியப்பன் டீயைக் கீழே வைத்துவிட்டு நிதானமாக விளக்கினான்.

"அபராதம்னா தப்பு பண்ண பின்னால கேக்கறது. ஜப்தின்னா வூட்டுக்கு வந்து தூக்கிக்கினு போறது. டெபாசிட்டு அப்டி இல்ல கண்ணாயிரம். தோக்கறதுக்கு முன்னாலியே நம்ம கையால நாமளே கொண்டுபோயி வெச்சுட்டு வர்றது. வெச்ச அன்னிக்கே அது நம்முது இல்ல. நம்ம மானம் தப்பிச்சா திருப்பிக் குடுப்பாங்க."

இதைச் சொன்னபோது அவனுக்கு வயது ஐம்பதை நெருங்கிக்கொண்டிருந்தது. இந்தச் சொல் திரும்பி வந்து தன் மூக்குக்குக் கீழேயே உட்காரும் என்று அவன் நினைக்கவில்லை.

தொண்ணூற்றாறில் ஊராட்சித் தேர்தல் வந்தது. தலைவர் பதவிக்கு ஊரில் வசதியான இரண்டு பேர் நின்றார்கள். மூன்றாவதாகச் சைக்கிள் கடைக் கந்தசாமி போய் மனு கொடுத்துவிட்டு வந்தான். கடைக்கு எதிரே இருந்த தெருவிளக்கு எரிந்து வருஷக்கணக்காகிறது, மனுப் போட்டு மனுப் போட்டு அலுத்துவிட்டது, தலைவரானால் நானே போட்டுக்கொள்வேன் என்பதுதான் அவனுடைய கொள்கை. சின்னம் சீப்பு. கந்தசாமிக்கு முன் தலையில் முடி கிடையாது. ஊர் சிரிக்க இதற்கு மேல் என்ன வேண்டும்? இவனுக்கு டெபாசிட் தேறாது என்று கண்ணாயிரம் கடையில் தினமும் பேச்சு. கந்தசாமியின் பெண்சாதியே யாருக்குப் போடுவது என்று இன்னும் முடிவு செய்யவில்லை என்றாள்.

வேடியப்பனும் கந்தசாமியும் சின்ன வயதிலிருந்து ஒன்றாகத் திரிந்தவர்கள். கந்தசாமி டீக்கடைக்கு வரும்போதெல்லாம் ஆட்கள் சீப்பை எடுத்துத் தலை வாருவதும், அவன் அசட்டுச் சிரிப்புச் சிரித்துவிட்டுக் குடிக்காமலே எழுந்து போவதும் வேடியப்பனுக்குப் பொறுக்கவில்லை. ஒரு நாள் கடை நிறைந்து ஆட்கள் இருந்தபோது எழுந்து நின்றான்.

"கந்தசாமி ஜெயிப்பான்னு நான் சொல்லல. டெபாசிட்டு போவாது. போச்சின்னா இதுவும் போவும்" என்று மீசையின் இரண்டு முனையையும் பிடித்துக் காட்டினான்.

கண்ணாயிரம் எல்லோரையும் சாட்சிக்கு அழைத்தான். அன்று ஒருவருக்கும் டீக்குக் காசு வாங்கவில்லை என்றால் அவனுடைய மகிழ்ச்சியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

வேடியப்பன் கண்ணை மூடிக்கொண்டு வாயை விட்டவன் அல்ல. அவன் கொத்தும், கொத்தில் இருப்பவர்களின் வீட்டாரும் போட்டாலே கந்தசாமியின் டெபாசிட் பிழைத்துவிடும். எல்லோரும் மேஸ்திரி சொன்னால் சரி என்றார்கள். தேர்தலுக்கு முதல் நாள் களத்துமேட்டில் அவர்களைக் கூட்டி வைத்துப் பாடம் நடத்தினான். இங்கேதான் சனி வந்து உட்கார்ந்தது.

கரும்பு வெட்டுகிறவர்களுக்குக் கைநாட்டு இல்லாமல் ஒன்றும் நடந்ததில்லை. கூலி வாங்கினால் கைநாட்டு, முன்பணம் வாங்கினால் கைநாட்டு, ரேஷனில் சர்க்கரை வாங்கினால் கைநாட்டு. கைநாட்டு வைக்க மறந்தவர்களுக்கு, நீ வேலைக்கே வரவில்லை என்று சொல்லி ஏமாற்றின கதைகள் கொத்தில் நிறைய உண்டு. அதனால் வேடியப்பனுக்கு ஒரு சந்தேகம் வந்தது. வெறும் முத்திரையைக் குத்திவிட்டு வந்தால் அது நாம் குத்தியது என்று யாருக்குத் தெரியும்? நாளைக்கு இந்த ஓட்டு எங்களுடையது என்று ஒரு வசதிக்காரன் சொல்லிவிட்டால் என்ன செய்வது? ஆகவே, சீப்பில் முத்திரை குத்தியதும் அதிலிருக்கிற மையைக் கட்டை விரலில் தடவி, பக்கத்திலேயே ஒரு கைநாட்டும் வைத்துவிட வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தான். கூட்டத்தில் மூத்தவள் இருசம்மாள், ஆபீசர் ஏதாவது சொன்னால் என்ன செய்வது என்று கேட்டாள். மறைப்புக்குள் எந்த ஆபீசர் எட்டிப் பார்க்கப் போகிறான், தைரியமாக வை என்றான் வேடியப்பன். எல்லோருக்கும் அது நியாயமாகவே பட்டது. ஒருவர் பாக்கியில்லாமல் போய் வைத்துவிட்டு வந்தார்கள்.

ஓட்டுப் போட்டவர் யார் என்று காட்டுகிற அடையாளம் சீட்டில் இருந்தால் அது செல்லாது. இது படித்தவர்களுக்குத் தெரிந்த விதி. உளுந்தூர்பேட்டையில் ஓட்டு எண்ணிய இடத்தில், சீப்புச் சின்னத்துச் சீட்டுகளை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்த அதிகாரி செல்லாத குவியலில் போட்டுக்கொண்டே வந்தார். கந்தசாமி எதிரில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தான். டெபாசிட் போனது.

அன்று பொழுது சாயும்போது கந்தசாமி நேராக வேடியப்பன் வீட்டுக்கு வந்தான். முற்றத்துக் கட்டிலில் வேடியப்பனின் அப்பா பிச்சைமுத்து உட்கார்ந்திருந்தார். கிழவருக்குக் காது மந்தம், நாக்கு கூர்மை. கறிக்குழம்பு வைத்து எத்தனை நாளாகிறது என்று மருமகள் ராஜாம்பாளிடம் வழக்காடிக்கொண்டிருந்தார். வேடியப்பன் சுவரோரம் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தான். சேதி அவனுக்கு முன்பே வந்துவிட்டது. கந்தசாமி திட்டுவான் என்று எதிர்பார்த்தான். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"ஒருத்தர் வுடாம குத்தியிருந்தாங்கடா" என்றான் கந்தசாமி. "இருசம்மா கட்டவெரல்ல அருவா பட்ட தழும்பு இருக்குதுல்ல, அதுகூட அப்டியே வுழுந்து கெடந்துச்சி. தோத்தவன் எவனுக்கும் தனக்கு யாரு போட்டாங்கன்னு தெரியாது. எனக்குத் தெரியும்."

சொல்லிவிட்டு, கொண்டு வந்திருந்த முறுக்குப் பொட்டலத்தைப் பிச்சைமுத்து மடியில் வைத்துவிட்டுப் போனான். வேடியப்பனுக்கு அழுகை வந்துவிட்டது. கூட்டாளியின் மானத்தைக் காப்பாற்றப் போய்த் தன் கையாலேயே வாங்கிவிட்டோமே என்று தன்னையே திட்டிக்கொண்டான். மீசையை எடுத்தே தீருவது என்று அந்த நிமிஷத்தில் முடிவு செய்தான்.

மறுநாள் அவன் முடிவைச் சொன்னதும் ராஜாம்பாள் பதறிப் போனாள். அதற்குக் காரணம் இருந்தது. அவர்களுடைய ஒரே மகள் செவ்வந்திக்கு வியாழக்கிழமை நிச்சயம். மாப்பிள்ளை கச்சிராயபாளையத்து ராமசாமி. மலையிலிருந்து மரவள்ளிக் கிழங்கு ஏற்றி வருகிற லாரியின் டிரைவர். அந்தப் பக்கம் கொத்து வெட்டுக்குப் போனபோது செவ்வந்தியும் போயிருந்தாள். கட்டு சுமந்துகொண்டு வரப்பில் வந்தவளுக்கு லாரியை ஓரம் கட்டி வழி விட்டவன் அவன். வழி விட்டதோடு போயிருந்தால் கதையே இல்லை. மறுநாளும் அதே வரப்போரம் லாரியை நிறுத்தினான். அதிகம் பேசாத செவ்வந்தி, கட்டிக்கொண்டால் இவனைத்தான் என்று அம்மாவிடம் ஒரே ஒரு முறை சொன்னாள். அதற்காகவே பேசி முடித்த சம்பந்தம் இது.

இந்தச் சீமையில் ஆம்பளை எப்போது மீசையை எடுப்பான் என்பது கைப்பிள்ளைக்கும் தெரியும். பெற்றவர்கள் செத்தால் எடுப்பான். மீசையில்லாத முகத்தோடு நிச்சயத்தில் நின்றால் வருகிறவர்கள் என்ன நினைப்பார்கள்?

"வியாழக்கெழம போவட்டும்யா. வெள்ளிக்கெழம எடுத்துக்கினா இன்னா, உன்ன ஜெயில்லியா போடுவாங்க?" என்று ராஜாம்பாள் கெஞ்சினாள். கண்ணாயிரம்கூட வீடு தேடி வந்து, பந்தயத்தை விட்டுவிட்டேன், விளையாட்டுக்குச் சொன்னது, பெண்ணுக்கு நல்ல காரியத்தைப் பார் என்றான். செவ்வந்தி கதவோரம் நின்று அப்பாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வேடியப்பன் கேட்பதாக இல்லை. வைத்த அன்றைக்கே அது என்னுடையது இல்லை, அடுத்தவன் பொருளை முகத்தில் வைத்துக்கொண்டு நான் எப்படித் தெருவில் நடப்பது என்றான். நல்ல பேச்சுதான். தான் விளக்கிய விளக்கத்தைத் தானே நம்பிவிட்டவனை யாரால் திருத்த முடியும்?

பஸ் நிறுத்தத்தில் சலூன் வைத்திருந்த செல்லமுத்து கத்தியைத் தீட்டிவிட்டு ஒரு முறைக்கு இரு முறை கேட்டார்.

"பெரியவரு நல்லாத்தான கீறாரு?"

"கறி கேட்டுக் கத்திக்கினு கீறாரு. நீ எடு."

எடுத்த பிறகு கண்ணாடியைப் பார்த்த வேடியப்பனுக்கு அங்கே யாரோ ஒரு பலகாரக் கடைக்காரன் உட்கார்ந்திருப்பது போல இருந்தது. வெட்கம் பிடுங்கித் தின்றது. துண்டை எடுத்துத் தலையில் முண்டாசாக இறுக்கிக் கட்டி, முகத்தைப் பாதி மறைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தான். வாசலில் அவனைப் பார்த்த பிச்சைமுத்து, ஆள் யார் என்று மருமகளிடம் விசாரித்தார்.

புதன்கிழமை நிச்சயத்துக்குச் சாமான் வாங்கக் கள்ளக்குறிச்சிக்குப் போனான். அதே முண்டாசு. வாழையிலைக் கட்டு ஒரு கையில், சம்பந்திக்கு எடுத்த வெள்ளை வேட்டி ஒரு கையில், பூவும் பழமும் பையில். பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே மாப்பிள்ளையின் அத்தை காசியம்மாள் மலைப்புளி விற்றுவிட்டு ஊருக்குத் திரும்ப பஸ் ஏறி உட்கார்ந்திருந்தாள். அந்த வீட்டில் அவள் வைத்ததுதான் சட்டம். ஜன்னல் வழியாக வேடியப்பனைப் பார்த்தாள். மீசை இல்லை. முண்டாசுக்குள் தலையும் மொட்டையாகத்தான் இருக்க வேண்டும். கையில் இலை, புது வெள்ளைத் துணி. வீட்டில் பெரியவர் ஒருவர் கட்டிலில் கிடக்கிறார் என்று அவளுக்குத் தெரியும். மீதியை விளக்க ஆள் வேண்டுமா?

துக்கக்காரனைத் தெருவில் நிறுத்தி விசாரிப்பது முறையில்லை. வீட்டுக்குப் போய்த்தான் கேட்க வேண்டும். காசியம்மாள் முறை தெரிந்தவள். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு கண்ணால் மட்டும் ஆறுதல் சொன்னாள். பஸ் கிளம்பிவிட்டது. தன் மீசைக்காகத்தான் அந்த அம்மாள் இப்படி வருத்தப்படுகிறாள் என்று நினைத்துக்கொண்ட வேடியப்பன், சம்பந்தி வீட்டுப் பெண்களுக்கு எவ்வளவு இளகிய மனசு என்று வீட்டில் வந்து பெருமையாகச் சொன்னான். ராஜாம்பாளுக்கு மட்டும் அது சரியாகப் படவில்லை.

வியாழக்கிழமை காலையில் வீட்டின் முன்னால் தென்னங்கீற்றில் சின்னதாகப் பந்தல் போட்டாயிற்று. வாடகை பெஞ்சில் கண்ணாயிரமும் ஊர்க்காரர்கள் நாலைந்து பேரும் உட்கார்ந்திருந்தார்கள். கந்தசாமியும் வந்திருந்தான். நமக்காகக் கூட்டாளி மீசையை எடுத்திருக்கும்போது நமக்கு மட்டும் என்ன மீசை என்று அவனும் மழித்துக்கொண்டு வந்திருந்தான். பந்தல் கல்யாணத்துக்கும் போடுவார்கள், சாவுக்கும் போடுவார்கள். அதன் கீழே மீசையில்லாத இரண்டு பேர் சோர்ந்து போய் உட்கார்ந்திருந்தால் தூரத்திலிருந்து பார்க்கிறவர்கள் எதற்குப் போட்ட பந்தல் என்று எடுத்துக்கொள்வார்கள்?

சொன்ன நேரத்துக்கு வெகு முன்னாலேயே தெருமுனையில் சத்தம் கேட்டது. மேளச் சத்தம் இல்லை. காசியம்மாள் தலைவிரி கோலமாக மாரில் அடித்துக்கொண்டு முன்னால் வந்தாள். பின்னால் மாப்பிள்ளையின் அப்பாவும் உறவுக்காரர்களும் தலை குனிந்து வந்தார்கள். ஒருவர் கையில் படையலில் வைக்க ஒரு கோடி வேட்டி. இன்னொருவர் கையில் படத்துக்குப் போட மாலை. பந்தலுக்குள் வந்ததும் காசியம்மாள் ராஜாம்பாளின் கழுத்தைக் கட்டிக்கொண்டு ஒப்பாரியை எடுத்தாள்.

"கால்பட்ட வரப்பெல்லாம் கண்முழிச்சுக் கெடக்குதே
களத்துமேட்டு நெல்லெல்லாம் கையத் தேடுதே…"

அவளுக்கு நல்ல குரல். விஷயம் தெரியாத ஊர்ப் பெண்கள் இரண்டு பேர் ஓடி வந்து சேர்ந்துகொண்டார்கள். ராஜாம்பாள் என்ன ஏது என்று புரியாமல் திமிறினாள். காசியம்மாள் விடவில்லை. அடுத்த அடிக்குப் போனாள்.

"சோகை உரிச்ச கையி, என்னப் பெத்தவரே…"

அந்த நேரத்தில், மந்தக் காதுக்கும் எட்டிய இந்தச் சத்தத்தில், பிச்சைமுத்து கோலை ஊன்றிக்கொண்டு உள்ளேயிருந்து வந்தார். அழுகிறவர்களைப் பார்த்தார். அவருக்கும் கண் கலங்கிவிட்டது. காசியம்மாளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து மூக்கைச் சிந்தினார்.

"யாரும்மா செத்தது? ரொம்ப நல்ல மனுசன் போலக்கீதே" என்று கேட்டார்.

காசியம்மாள் திரும்பிப் பார்த்தாள். அடி அப்படியே தொண்டையில் நின்றுவிட்டது.

அதன் பிறகு கண்ணாயிரமும் கந்தசாமியும் மாறி மாறி விளக்கினார்கள். சீப்பு, கைநாட்டு, டெபாசிட், மீசை என்று அவர்கள் சொல்லச் சொல்ல, பின்னால் நின்ற இளவட்டங்கள் சிரிப்பை அடக்க முடியாமல் தெருவுக்கு ஓடினார்கள். மாப்பிள்ளையின் அப்பா சிரிக்கவில்லை. உயிரோடு இருக்கிற மனுஷனுக்குக் கோடி கொண்டுவந்துவிட்டோமே என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"சாவுன்னு எடுத்து வெச்ச கால்ல வெத்தல பாக்கு மாத்த முடியாதுங்க. இந்த சம்பந்தம் வேணாம்" என்று சொல்லிவிட்டு எழுந்தார். கூட வந்தவர்களும் எழுந்தார்கள்.

வேடியப்பன் ஓடிப்போய் அவர் முன்னால் நின்றான். இனிமேல் இப்படி நடக்காது, நடந்தால் நான் என்று ஆரம்பித்து, பழக்கத்தில் கையை மேலுதட்டுக்குக் கொண்டு போனான். அங்கே ஒன்றும் இல்லை. கை வெறுமனே கீழே இறங்கியது.

இதுவரை வாய் திறக்காத செவ்வந்தி அப்போதுதான் வாசற்படிக்கு வந்தாள். புதுப் புடவை, தலை நிறையப் பூ. அவள் சம்பந்திகளைப் பார்க்கவில்லை.

"உன் மீசைய நீ வெச்ச. சரி. என் கல்யாணத்த யாரக் கேட்டு நைனா வெச்ச?" என்றாள்.

வேடியப்பன் நின்ற இடத்திலேயே நின்றான். கரும்புக் கொல்லையில் பாம்பைப் பார்த்துக்கூட அவன் அப்படி நின்றதில்லை. டெபாசிட்டுக்கு அவன் சொன்ன விளக்கம் எல்லாம் சரிதான். நம் பொருளை நம் கையால் கொண்டுபோய் வைப்பது. ஆனால் வைக்கிற பொருளோடு வேறு யாருடையதெல்லாம் ஒட்டிக்கொண்டு போகிறது என்று அவன் யோசித்ததே இல்லை. அவனுக்கு உயிரே கூசிப் போனது. முண்டாசை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டு ஓரமாகப் போய் நின்றான்.

இதற்கிடையில் பிச்சைமுத்து மட்டும் கோடி வேட்டியை வாங்கிப் பிரித்து, கரையைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது எனக்குக் கொண்டாந்ததுதான?" என்று காசியம்மாளைக் கேட்டார். அவள் ஆமாம் என்று தலையசைத்தாள். "அப்ப இப்பவே கட்டிக்கறேன். செத்தப்பறம் போட்டா எனக்கு இன்னா தெரியப் போவுது" என்று அங்கேயே பழைய வேட்டியின் மேல் சுற்றிக் கட்டிக்கொண்டார். மாலையையும் கேட்டார். அதை மட்டும் ராஜாம்பாள் பிடுங்கி வைத்துக்கொண்டாள்.

காசியம்மாள் கிழவரைப் பார்த்தாள். படியில் கண்ணில் நீர் முட்ட நிற்கிற பெண்ணைப் பார்த்தாள். பிறகு தன் தம்பியான மாப்பிள்ளையின் அப்பாவைப் பார்த்து, உட்கார் என்றாள். அவள் உட்கார் என்றால் அந்த வீட்டில் யாரும் நிற்கமாட்டார்கள்.

"சாவுக்குக் கொண்டாந்தத வூட்டுக்குத் திருப்பி எடுத்துக்கினு போவக் கூடாது. பெரியவரு கட்டிக்கினாரு. அத்தோட அது முடிஞ்சிது. துக்கம் கேட்டுட்டோம், இனிமே தல முழுவணும், அதானே மொற? முழுவிட்டுப் புதுசா வரோம்."

அதுதான் நடந்தது. ஏரிக்குப் பக்கத்துக் கொல்லையில் பம்புசெட்டு ஓடிக்கொண்டிருந்தது. கச்சிராயபாளையத்திலிருந்து வந்தவர்கள் அத்தனை பேரும் அதில் போய்த் தலை முழுகினார்கள். மாற்றுத் துணி இல்லாதவர்களுக்கு ஊரில் வீடு வீடாகப் புடவையும் வேட்டியும் வாங்கிக் கொடுத்து அலைந்தவன் கண்ணாயிரம். தன் டீயினால் வந்த வினை என்று அவனுக்கும் உறுத்தியிருக்க வேண்டும். வேடியப்பன் வாங்கி வைத்திருந்த தட்டுகளையே அவர்கள் கையில் கொடுத்து, தெருமுனையிலிருந்து மறுபடியும் நடந்து வரச் செய்தார்கள். ஈரத் தலையோடு, இரவல் துணியோடு, முகம் நிறையச் சிரிப்போடு வந்தார்கள். ராஜாம்பாள் வாசலில் நின்று, அப்போதுதான் முதல் தடவையாகப் பார்ப்பவளைப் போல வாங்க வாங்க என்று அழைத்தாள்.

வெற்றிலை பாக்கு மாற்றி முடிந்ததும் காசியம்மாள் ஒரு நிபந்தனை போட்டாள். தை மாதம் கல்யாணத்துக்குள் பெண்ணின் அப்பாவுக்கு மீசை முளைத்திருக்க வேண்டும்.

"மொளைக்கும் தங்கச்சி. மொளைக்கலன்னா நான்…" என்று வேடியப்பன் ஆரம்பித்தான். செவ்வந்தி திரும்பிப் பார்த்தாள். அவன் வாயை மூடிக்கொண்டான். அதற்குப் பிறகு அவன் எதற்கும் எதையும் பந்தயம் வைத்ததில்லை.

தை மாதம் மீசை வந்தது. ஆனால் முழு வெள்ளையாக வந்தது. அத்தனை வருஷமும் அதைக் கறுப்பாக வைத்திருந்தது விளக்கெண்ணெயில் குழைத்த அடுப்புக் கரிதான் என்பது அப்போதுதான் ஊருக்குத் தெரிந்தது. கல்யாணப் படத்தில் மாமனாரைப் பார்த்தால் மாப்பிள்ளைக்குத் தாத்தா போல இருப்பார். பக்கத்தில் பிச்சைமுத்து அதே கோடி வேட்டியில் விறைப்பாக நிற்பார். நல்ல நாள் எல்லாவற்றுக்கும் அவர் அதைத்தான் கட்டினார். எனக்குக் கோடி போட்டு, ஒப்பாரி வைத்து, அதை நானே கேட்டுமாயிற்று, உங்களில் எவனுக்கு இந்தக் கொடுப்பினை உண்டு என்று டீக்கடையில் போய்க் கேட்பார். மீதிப் பாட்டை எப்போது பாடப் போகிறாய் என்று காசியம்மாளை ஒவ்வொரு தடவையும் வம்புக்கு இழுப்பார். உனக்கு என்ன அவசரம் என்று அவள் திட்டுவாள்.

சில வருஷங்கள் கழித்து ஒரு மாசி மாதம், கறிக்குழம்பு சாப்பிட்டுவிட்டுப் படுத்த பிச்சைமுத்து காலையில் எழுந்திருக்கவில்லை.

வேடியப்பன் பஸ் நிறுத்தத்துச் சலூன் வாசலில் வந்து உட்கார்ந்தான். இந்தத் தடவை செல்லமுத்து ஒன்றும் கேட்கவில்லை. பாதி மீசை போயிருக்கும்போது திருக்கோவிலூர் பஸ் வந்து நின்றது. ஜன்னலிலிருந்து பழகிய ஆள் ஒருவர் எட்டிப் பார்த்து, "இன்னா மேஸ்திரி, இந்தத் தடவ எந்தத் தேர்தலு?" என்று கத்தினார். பஸ்ஸே சிரித்தது. வேடியப்பன் நிமிர்ந்து பார்த்தான். அவன் முகத்தைப் பார்த்த ஜன்னலோரத்துக்காரர் சிரிப்பதை நிறுத்தினார். பஸ் போய்விட்டது.

மத்தியானத்துக்குள் மருமகன் ராமசாமியின் கிழங்கு லாரி வந்து தெருவில் நின்றது. செவ்வந்தியும் காசியம்மாளும் இறங்கினார்கள். காசியம்மாள் கையில் இன்னொரு கோடி வேட்டி இருந்தது. எதற்கெடுத்தாலும் டெபாசிட் போச்சு என்கிற களமருதூரில் அன்று ஒருவர் வாயிலும் அந்தச் சொல் வரவில்லை. பந்தலில் வேடியப்பன் வெறும் முகத்தோடு உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் கந்தசாமி அவன் தோளைப் பிடித்துக்கொண்டிருந்தான். காசியம்மாள் கிழவரின் கால்மாட்டில் உட்கார்ந்து, முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு, சோகை உரிச்ச கையி என்று எடுத்தாள். முதல் அடிகளை அவள் ஏற்கெனவே அவருக்குப் பாடியிருந்தாள். இந்தத் தடவை குறுக்கே வந்து, யாரும்மா செத்தது என்று கேட்க ஆள் இல்லை.